நாலு மணிக்கு எல்லோருக்கும் ஒரே நாய்

1

மொன்றியலில் நவம்பருக்கு நல்ல பெயர் இல்லை. இலைகள் உதிர்ந்து முடிந்திருக்கும், பனி வந்து சேர்ந்திருக்காது. மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்பிவிடுவதால் நாலரை மணிக்கே இருட்டிவிடும். நான் லண்டனை விட்டு இந்த நகரத்தில் வந்து இறங்கியதும் ஒரு நவம்பரில்தான், 1999ஆம் ஆண்டு. ஒவ்வோர் ஆண்டும் அந்த வாரம் வரும்போது ஊரிலிருக்கும் உங்களுக்கென்று நாலு பக்கம் எழுதி அனுப்புவது வழக்கமாகிவிட்டது. இது இருபத்தைந்தாவது ஆண்டு என்பதால் கொஞ்சம் விரிவாக எழுத நினைத்திருந்தேன். ஆனால் நவம்பரில் தொடங்கியதைப் பெப்ரவரியில்தான் முடிக்கிறேன். எழுத உட்கார்ந்த அன்று பின்னேரமே தர்ஷி தொலைபேசியில் அழைத்துவிட்டாள்.

தர்ஷி என் தங்கையின் மகள், லண்டனில் பிறந்து வளர்ந்தவள். அவளுடைய கணவன் சுதனுக்கு இங்கே விமானப் பாகங்கள் செய்யும் நிறுவனமொன்றில் வேலை கிடைத்தது. போன கோடையில் அவர்கள் மூவரும் வந்து, அஹுன்ட்சிக் பகுதியில் என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளிக் குடியேறினார்கள். மூன்றாவது ஆள் ஆதிரா, ஆறு வயது. முறைப்படி நான் அவளுக்குத் தாத்தா. தாய் கூப்பிடுவதைக் கேட்டு அவளும் என்னை மாமா என்கிறாள். திருத்த யாருக்கும் மனம் வரவில்லை.

"மாமா, ஸ்கூலில வரச்சொல்லினம். ஆதிராவைப் பற்றிக் கதைக்க வேணுமாம். நீங்களும் வாங்கோ, அவையின்ர பிரெஞ்ச் எனக்கு ஒண்டும் விளங்காது."

"என்ர பிரெஞ்ச் மரக்கறிப் பிரெஞ்ச், பிள்ளை. தக்காளி பழுத்திட்டுதோ எண்டு கேக்கலாம். பள்ளிக்கூடத்தில அதை வைச்சு என்ன செய்யிறது?"

"எனக்கு அந்தத் தக்காளியும் தெரியாதே மாமா."

உண்மையைத்தான் சொன்னேன். ஷபனெல் வீதித் தையல் தொழிற்சாலைகளில் துணி வெட்டிக்கொண்டிருந்தவரை எனக்குப் பிரெஞ்சு தேவைப்படவில்லை. அந்தத் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்ட பிறகு ஜான்-டலோன் சந்தையில் ஒரு மரக்கறிக் கடையில் காலை வேலைக்குச் சேர்ந்தேன். கத்தரிக்காய்க்கும் லீக்ஸுக்கும் இடையில் பொறுக்கிய மொழி அது.

வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறுகிறவர்களின் பிள்ளைகள் இந்த மாகாணத்தில் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துக்குத்தான் போகவேண்டும். மொழி தெரியாதவர்களுக்கு முதலில் ஒரு வரவேற்பு வகுப்பு. லண்டனில் இருந்தவரை வாய் ஓயாமல் இங்கிலிஷ் பேசிக்கொண்டிருந்த ஆதிரா, செப்டெம்பரிலிருந்து அந்த வகுப்பில் இருந்தாள்.

கூட்டத்தில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் வகுப்பு ஆசிரியை மதாம் இஸபெல், சட்டைக் கையில் சுண்ணக்கட்டித் தூளோடு. மற்றவர் பள்ளியின் உளவியல் ஆலோசகர், இளம் பெண். இருவரும் எங்களுக்கு விளங்கட்டும் என்று மெதுவாகப் பேசினார்கள்.

"மூன்று மாதமாகிறது. ஆதிரா எந்தப் பிள்ளையோடும் பேசுவதில்லை," என்றார் மதாம் இஸபெல். "இடைவேளையில் மதிலோரமாகப் போய் நிற்கிறாள். என் வகுப்பில் சிரியாவிலிருந்தும் ஹெயிட்டியிலிருந்தும் மெக்சிக்கோவிலிருந்தும் வந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் பிரெஞ்சு சரியாக வராது. ஆனால் அவர்கள் சண்டையாவது பிடிக்கிறார்கள்."

ஆலோசகர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "இன்னொரு விடயம். எதைக் கேட்டாலும் ஒரே ஒரு சொல்தான் சொல்கிறாள். தாகமா, குளிர்கிறதா, எங்கேயாவது வலிக்கிறதா... எல்லாவற்றுக்கும் 'ஆண்' என்கிறாள். மன்னிக்கவேண்டும், இதை நாங்கள் கேட்டே ஆகவேண்டும். அவள் பயப்படும் ஆண் யாராவது இருக்கிறாரா?"

அறையில் இருந்த ஒரே ஆண் நான். ஆதிராவைத் தினமும் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிப்போகிறவனும் நான்தான். இரண்டு பெண்களும் மேசையைப் பார்த்தார்கள். அவர்கள் கேட்டதை நானே தர்ஷிக்குத் தமிழில் சொல்லவேண்டியிருந்தது.

"ஆம்பிளையோ?" தர்ஷியின் முகம் வெளிறிவிட்டது. "எந்த ஆம்பிளை மாமா? என்ன சொல்லினம் இவை?"

மதாம் இஸபெல்லுக்கு அந்த முகத்தைப் பார்க்கப் பொறுக்கவில்லை. எழுந்து வந்து, ஆதிரா எப்படிச் சொல்கிறாள் என்று செய்தே காட்டினார். தலையை ஒரு பக்கம் சாய்த்து, கண்ணைத் தாழ்த்தி, மெல்லிய குரலில் அந்தச் சொல்லைச் சொன்னார்.

தர்ஷி கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். "ஐயோ மாமா! அது ஓம்! பிள்ளை ஓம் எண்டெல்லோ சொல்லுறாள்!"

ஆணைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லை எழுதும்போது முன்னால் 'எச்' என்று ஓர் எழுத்து நிற்கும். வாயால் சொல்லும்போது அது போய்விடும். மிஞ்சுவது அச்சொட்டாக, 'ஆம்' என்பதற்கு நாம் சொல்லும் ஓம். இரண்டு சொற்களையும் இருபத்தைந்து ஆண்டுகளாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தும் எனக்கு அது உறைத்ததில்லை. ஆலோசகரின் வாயிலிருந்து வந்தபோதும் என் காது அதைப் பிரெஞ்சாகத்தான் கேட்டது.

லண்டன் பிள்ளை ஏன் 'யெஸ்' என்று சொல்லவில்லை என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். அவளுக்குத் தெரிந்தது இரண்டே மொழி: இங்கிலிஷ், இங்கிலிஷ் அல்லாதது. டீச்சர் பேசுவது இங்கிலிஷ் இல்லை. அப்படியென்றால் மற்ற மொழியில்தானே பதில் சொல்லவேண்டும்? யாழ்ப்பாணத்தில் வளர்ந்த தகப்பனிடமிருந்து கேட்ட ஓமை எடுத்து நீட்டியிருக்கிறாள்.

நான் என் மரக்கறிப் பிரெஞ்சில் விளக்கி முடித்தபோது ஆலோசகர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். மதாம் இஸபெல் சிரிக்கவில்லை.

"அப்படியானால் இவள் செப்டெம்பரிலிருந்தே எங்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாள்," என்றார்.

ஒரு பயம் தீர்ந்தது. மற்றது அப்படியே நின்றது. பிள்ளைகளோடு அவள் பேசாமலிருப்பதற்கு ஓம் காரணமல்ல. ஜனவரிக் கடைசி வரை பார்ப்போம், மாற்றம் இல்லையென்றால் செயின்ட்-மிஷேலில் பேச்சுக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கான சிறப்பு வகுப்புக்கு அனுப்புவது பற்றி யோசிக்கவேண்டும் என்றார்கள். நல்ல வகுப்பு, குறைந்த பிள்ளைகள், வாசலுக்கே பேருந்து வரும். அக்கறையோடுதான் சொன்னார்கள். தர்ஷிக்கு விளங்கியது ஒன்றுதான்: ஒரே வருடத்தில் பிள்ளைக்கு மூன்றாவது பள்ளிக்கூடம்.

புறப்படும்போது மதாம் இஸபெல் கேட்டார். "வீட்டில் என்ன பார்க்கிறாள்?"

டாப்லெட்டில் அரை மணித்தியாலம், விருப்பமானதை, என்றாள் தர்ஷி.

"எல்லா வீட்டிலும் அப்படித்தான். காலையில் வட்டமாக இருத்தி, நேற்று என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் ஒருவர் பார்த்ததை மற்றவர் பார்த்திருக்கமாட்டார். ஆளுக்கொரு பதில் வரும். பேச்சு வராது." கொஞ்சம் தயங்கினார். "நான் ஒரு வீட்டுப்பாடம் கொடுக்கப்போகிறேன். சிரிக்கவேண்டாம். பொதுச் சேனலில் பின்னேரம் ஆறு மணிக்குப் பிள்ளைகளுக்கு ஒரு தொடர் போகிறது. வகுப்பு முழுவதும் அதைப் பார்க்கவேண்டும். அந்த நேரத்திலேயே பார்க்கவேண்டும்."

2

அந்த வீட்டுப்பாடத்தின் அருமை எனக்கு உடனே விளங்கியது. காரணத்தைச் சொல்ல லண்டனுக்குத் திரும்பிப் போகவேண்டும்.

1989இலிருந்து பத்து ஆண்டுகள் நான் தங்கை வாணியின் வீட்டில் இருந்தேன். இரவில் பெற்றோல் நிலையத்தில் வேலை, பகலில் நித்திரை. வாணியும் கணவரும் வேலை முடிந்து வர நேரமாகும். தர்ஷி பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு அவளைக் கூட்டிவருவது என் பொறுப்பானது. வந்ததும் சப்பாத்தைக் கழற்றாமலே தொலைக்காட்சி முன்னால் போய் இருந்துவிடுவாள்.

நாலு மணியை ஒட்டிச் சிறுவர் நிகழ்ச்சிகள் தொடங்கும். பெரியவர்கள் செய்தி பார்க்கும் அதே முதலாவது சேனலில். போட்டிக்கு விளம்பரச் சேனலிலும் இருக்கும். முதலில் சின்னதுகளுக்குப் பொம்மைகள். பிறகு வெற்று முட்டைப் பெட்டியில் கப்பல் செய்வது. பிறகு பிள்ளைகளுக்கு விளங்கும்படி வாசிக்கப்படும் செய்தி. கடைசியாக வளர்ந்த பிள்ளைகளுக்கு ஒரு நாடகம். அது முடிய, பெரியவர்களின் உலகம் திரும்பவும் தொடங்கும்.

தர்ஷிக்குப் பிடித்தது ஒரு கம்பளி நாய். அது சப்பாத்துக் கடை வைத்திருந்தது. யார் வந்தாலும் வலது காலில் இடது சப்பாத்தை மாட்டிவிட்டு, 'மற்றக் கால்! மற்றக் கால்!' என்று கத்தும். கதை அவ்வளவுதான். அது முடிந்த கையோடு எங்கள் தெருவில் ஒவ்வொரு கதவாகத் திறக்கும். ஜமேக்காப் பிள்ளைகள், ஐரிஷ் பிள்ளைகள், குஜராத்திப் பிள்ளைகள் எல்லோரும் வெளியே வந்து ஒற்றைக் காலில் துள்ளிக்கொண்டு 'மற்றக் கால்!' என்று கத்துவார்கள். தமிழ் மட்டும் தெரிந்து பள்ளிக்கூடம் போன தர்ஷியும் வகுப்பில் வாயே திறக்காமல் இருந்தவள்தான். பக்கத்து வீட்டு வேலிக்கு மேலால் அவள் முதன்முதலில் கத்திய இங்கிலிஷ் வசனம் அந்த நாயினுடையது. வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அதே வசனம் திரும்பி வந்தது. பிறகு வேலி அவர்களுக்கு ஒரு பொருட்டாக இருக்கவில்லை.

நானும் அங்கேதான் இங்கிலிஷ் படித்தேன். அறிவிப்பாளர்கள் நிறுத்தி நிறுத்தி, முகத்தைப் பார்த்துப் பேசுவார்கள். விளங்காவிட்டால் தர்ஷி விளக்குவாள். கத்தரிக்கோல் எடுக்கும்போதெல்லாம் அவர்கள் சொல்லும் ஒரு வசனம் உண்டு: 'ஒரு க்ரோன்-அப்பிடம் உதவி கேளுங்கள்.' க்ரோன்-அப் என்றால் என்ன என்று கேட்டேன். பெரியவர் என்றாள். நமக்குப் பெரியவர் என்றால் யார்? கோயிலுக்குப் பெரியவர், கந்தோருக்குப் பெரியவர். மேலாளரைத்தான் அப்படி மரியாதையாகச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

ஒருநாள் காற்றடிக்கும் இயந்திரம் வேலை செய்யவில்லை என்று ஒரு லொறிச் சாரதி என்னிடம் வந்து சத்தம் போட்டார். என்னைப்போல இரண்டு மடங்கு ஆள், கழுத்தில் பச்சை குத்தியிருந்தது. நான் என்னுடைய மிகத் திறமான உச்சரிப்பில் சொன்னேன்: 'தயவுசெய்து ஒரு க்ரோன்-அப்பிடம் உதவி கேளுங்கள், சார்.' அவர் என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு லொறிச் சக்கரத்தில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தார். அதற்குப் பின்னர் அந்த வழியால் போகும்போதெல்லாம் யன்னலால் தலையை நீட்டி, 'க்ரோன்-அப் இருக்கிறாரா?' என்று விசாரிக்காமல் போகமாட்டார்.

3

மொன்றியலுக்கு வந்த பிறகு நெடுங்காலம் லண்டன் பக்கம் போகக் கிடைக்கவில்லை. 2013 கோடையில்தான் போனேன். முதல் நாளே, பழக்கதோஷத்தில், நாலு மணிக்குத் தேநீரோடு வாணியின் வரவேற்பறையில் போய் இருந்தேன். முதலாவது சேனலில் ஒரு கணவனும் மனைவியும் வாங்குவதற்கு வீடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். மற்றச் சேனலில் வினாவிடைப் போட்டி.

"வாணி, உன்ர மணிக்கூடு சரியே?"

"சரிதான் அண்ணை. ஏன்?"

"சின்னப் பிள்ளையளின்ர ஒண்டையும் காணேல்லை."

"அதெல்லாம் நிப்பாட்டிப்போட்டினம் அண்ணை. அவைக்கெண்டு வேற சேனல் கிடக்கு." சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஐம்பது வயசில உங்களுக்கு இப்ப என்ன நாய் பாக்கிற விருப்பம்?"

எனக்கு எதையும் நாள், மாதம் பார்த்து அறிந்துகொள்ளாவிட்டால் நித்திரை வராது. பழைய பத்திரிகைகளைத் தேடிப் படித்தேன். அதற்கு முந்தைய ஆண்டு, 2012இன் முடிவில்தான் பொது ஒலிபரப்பு நிறுவனம் தன் முதலாவது சேனலிலிருந்து சிறுவர் நிகழ்ச்சிகளை எடுத்திருந்தது. விளம்பரச் சேனல் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே கையை விட்டுவிட்டது. சிறுவர் நிகழ்ச்சி போட்டே ஆகவேண்டும் என்றிருந்த சட்டம் தளர்ந்திருந்தது. பிள்ளைகள் பார்க்கும் நேரத்தில் தின்பண்ட விளம்பரங்களுக்குக் கட்டுப்பாடும் வந்தது. விளம்பரம் போனால் வருமானம் போகும், வருமானம் போனால் நிகழ்ச்சி போகும்.

திட்டுவதற்கு ஆள் தேடினேன், கிடைக்கவில்லை. பிள்ளைகளின் பல்லையும் வயிற்றையும் காப்பாற்றப் போட்ட கட்டுப்பாட்டைக் குறை சொல்லமுடியுமா? தனிச் சேனல்களும் நல்லவை. காலையிலிருந்து பிள்ளைகளுக்கென்றே ஓடுகின்றன, பொது நிறுவனத்தினதில் விளம்பரமும் இல்லை. யாரும் பிள்ளைகளை வெளியே தள்ளவில்லை. அவர்களுக்கென்று அழகான ஓர் அறை கட்டிக் கொடுத்து, கதவைச் சாத்திவிட்டார்கள்.

ஆனால் அந்த அறைக்குள் நான் போயிருக்கமாட்டேன். பெற்றோல் மணக்கும் உடுப்போடு, அரைத் தூக்கத்தில், செய்திக்காகக் காத்திருந்த ஒருவன் முன்னால் அந்த நாய் தற்செயலாக வந்தது. எத்தனை வீடுகளில் எத்தனை பெரியவர்கள், அடுத்ததாக வரப்போகும் எதற்காகவோ காத்திருந்து, பிள்ளையோடு சேர்ந்து கடைசிப் பத்து நிமிடத்தைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள்! இன்னொன்றும் உண்டு. பல சேனல்களும் பிறகு செயலிகளும் வந்தபோது, ஒரே நேரத்தில் கதவு திறந்து தெருவுக்கு வரும் வழக்கமும் போய்விட்டது. அவரவர் நாய் அவரவர் நேரத்துக்கு வருகிறது.

4

வீட்டுப்பாடச் செய்தியோடு கூட்டத்திலிருந்து திரும்பிய அன்று பின்னேரம் தர்ஷியின் சமையலறையில் சண்டை நடந்தது. ஆதிரா மேல்மாடியில் இருந்தாள்.

"ஸ்கிரீன் டைம், ஸ்கிரீன் டைம் எண்டு லண்டனில மூண்டு வருசம் அவளோட மல்லுக்கட்டின நான். இப்ப டீச்சரே ரீவி பாக்கச் சொல்லுறா. விசரே அவவுக்கு?"

"நீ ரீவி பாத்துத்தானே பிள்ளை வாய் திறந்தனி," என்றேன்.

"அது வேற காலம் மாமா. நான் ஒருத்தி பேசாமல் இருந்தால் ஆரும் கவனிக்கவும் இல்லை, ஸ்கூல் மாத்தவும் இல்லை. இவளை நாங்கள்தான் பிடுங்கிக்கொண்டு வந்தனாங்கள். ஃபிரெண்ட்ஸையும் விட்டு, அம்மம்மாவையும் விட்டு. இப்ப திரும்பவும் பிடுங்கச் சொல்லினம்." குரல் உடைந்தது. "ரீவி பாத்து இது சரிவருமோ?"

சுதன் அதுவரை வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தான். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவன். மின்சாரமே இல்லாத வருடங்கள் அவை.

"எங்கட வீட்டில சைக்கிளைக் கவிட்டு வைச்சு, டைனமோ சுத்தித்தான் ரேடியோ கேட்டனாங்கள். ஒழுங்கையில இருக்கிற பெடி பெட்டையள் முழுக்க எங்கட முற்றத்தில. மிதிக்கிறவனுக்குக் கால் உளைஞ்சால் பாட்டு இழுபடும். எல்லாரும் சேர்ந்து அவனுக்குப் பேச்சு. இப்பவும் அவங்களில ஒருத்தன் ஃபோன் எடுத்தால், 'மிதியடா' எண்டுதான் தொடங்குவான்."

"அதுக்கு?"

"அதுக்கு ஒண்டுமில்லை. நிகழ்ச்சி ஒண்டும் எனக்கு ஞாபகம் இல்லை, அவங்களை ஞாபகம் இருக்கு. டீச்சர் சொல்லுறதைச் செய்து பாப்பம்."

அவர்கள் வீட்டில் தொலைக்காட்சி ஒன்று சுவரில் இருந்தது. ஆனால் அதில் இணையத்திலிருந்து தெரிவு செய்து பார்ப்பதற்குத்தான் வழி இருந்தது, நடந்துகொண்டிருக்கும் சேனல் எதுவும் வராது. என் வீட்டில் யன்னலில் ஒட்டிய தட்டை அன்டெனா உண்டு. கேபிளுக்கு மாறச் சொல்லி மனைவி அலுத்துப்போன விடயம் அது. தர்ஷிக்குப் பின்னேரங்களில் பிரெஞ்சு வகுப்பு, சுதன் வேலையிலிருந்து வர ஏழாகும். ஆகவே ஆறு மணி என்னுடையதாயிற்று.

5

தொடர் ஒரு கடலோரச் சிற்றூரைப் பற்றியது. அங்கே ஒரு கடல்நாயை மேயராகத் தெரிவு செய்துவிட்டார்கள். பொம்மைதான், ஆனால் மேயருக்குரிய சங்கிலியோடு. மூன்று பிள்ளைகள் அதற்குச் செயலாளர்கள். ஊரில் என்ன பிரச்சினை வந்தாலும் மேயர் முதலில் ஒரு மீன் சாப்பிட்டுவிட்டுத்தான் கூட்டத்தைத் தொடங்குவார்.

முதல் வாரம் படு தோல்வி. ஆதிரா சோபாவில் காலை மடக்கி இருந்துகொண்டு இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை இங்கிலிஷில் கேட்பாள், அவன் என்ன சொன்னான் என்று. நானும் பாதியைத் தவறவிடுவேன். சந்தையில் யாரும் இவ்வளவு வேகமாகப் பேசுவதில்லை.

"மாமா, மேயர் ஏன் அழுறார்?" என்று ஒருநாள் கேட்டாள்.

"மீன் பழுதாப்போச்சு எண்டு நினைக்கிறன்." அதைப் பிரெஞ்சில் எப்படிச் சொல்வது என்று கேட்டாள், சந்தையில் சொல்வதுபோலவே சொல்லிக் கொடுத்தேன்.

அடுத்த நாள் பள்ளிக்கூட வாசலில் மதாம் இஸபெல் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். காலை வட்டத்தில் மேயர் ஏன் அழுதார் என்று பேச்சு வந்ததாம். அவருடைய நண்பர் ஊரைவிட்டுப் போய்விட்டார் என்று மற்றப் பிள்ளைகள் சொல்லிக்கொண்டிருக்கும்போது, ஆதிரா கையை உயர்த்தி, 'மீன் சரியில்லை' என்று பிரெஞ்சில் சொன்னாளாம். மரக்கறிப் பிரெஞ்சு, என்னிடமிருந்து நேரடியாக. வகுப்பு உருண்டு புரண்டு சிரித்ததாம்.

நான் உடனே கேட்டேன்: "அழுதாளா?"

"இல்லை. கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அவளும் சிரித்தாள். இடைவேளையில் வில்னா அவளிடம் போய், 'மீன் சரியில்லை' என்று சொல்லிக்கொண்டு பின்னாலேயே திரிந்தாள்."

வில்னா ஹெயிட்டிக் குடும்பத்துப் பிள்ளை, ஆதிராவின் வகுப்பு. தாயை எனக்குச் சந்தையில் பழக்கம். சனிக்கிழமைகளில் என்னிடம்தான் வெண்டைக்காய் வாங்குவார், நல்ல பிஞ்சு வந்தால் தொலைபேசியில் சொல்லச் சொல்லி இலக்கமும் தந்திருந்தார். என் தொலைபேசியில் அவருடைய பெயர் இன்றைக்கும் 'வெண்டிக்காய் அம்மா'.

டிசம்பரில் ஆதிரா எங்கள் நடைபாதையில் கடல்நாய்போல வயிற்றால் ஊர்ந்து போகத் தொடங்கினாள். வீட்டில் மாற்றம் தெரிந்தது. பள்ளியில் ஒரு வசனம், இரண்டு வசனம் என்று வந்தது. அது போதுமா என்று எங்களுக்குத் தெரியவில்லை. தர்ஷி ஒவ்வொரு நாளும் ஏழு மணிக்கு வந்து, பனிச் சப்பாத்தைக் கழற்றியபடி, வாசலிலிருந்தே என் முகத்தைப் பார்ப்பாள். நான் உதட்டைப் பிதுக்குவேன். ஜனவரி பிறந்தது. கூட்டத்துக்குத் திகதியும் வந்தது.

6

கூட்டத்துக்குச் சில நாட்கள் இருக்கும்போது உறைமழை பெய்தது. மழையாகத்தான் விழும், தொட்ட இடத்தில் கண்ணாடியாக இறுகிவிடும். மரக்கிளைகள் பாரம் தாங்காமல் முறிந்து கம்பிகளில் விழும். ஆறு மணிக்கு நாங்கள் சோபாவில் இருந்தோம். மேயர் ஒரு பனிக்கட்டித் துவாரத்தின் வழியாகக் கடலுக்குள் குதித்திருந்தார், தொலைந்துபோன ஊர் மணியைத் தேடி. துவாரம் மெல்ல மெல்ல மூடிக்கொண்டு வந்தது. மூன்று செயலாளர்களும் கரையில் நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

டப்பென்று எல்லாம் இருட்டாகிவிட்டது. தெருவிளக்கும் இல்லை.

ஆதிரா அழுதாள். நான் டோர்ச்சைத் தேடி எடுத்து, இருட்டுக்குப் பயப்படவேண்டாம் என்றேன்.

"இருட்டு இல்லை!" இங்கிலிஷில் கத்தினாள். "நாளைக்கு எல்லாருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது! வட்டத்தில் நான் என்ன சொல்லுவேன்?"

மூன்று மாதம் வட்டத்தில் எதுவுமே சொல்லாதிருந்த பிள்ளை அது. இணையத்தில் பிறகு பார்க்கலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவளே கேட்டாள்:

"வில்னா வீட்டில் கரண்ட் இருக்குமா?"

வெண்டிக்காய் அம்மாவை அழைத்தேன். அவர்கள் தெருவில் மின்சாரம் இருந்தது. விடயத்தைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு மகளைக் கூப்பிட்டார். தொலைபேசியை ஆதிராவின் கையில் கொடுத்துவிட்டுக் குசினி வாசலில் போய் நின்றுகொண்டேன்.

தொலைபேசியை இரண்டு கைகளாலும் பிடித்துக் காதில் வைத்தாள். பிறகு, மெதுவாக, பிரெஞ்சில்: "நான் ஆதிரா." அந்தப் பக்கம் ஏதோ கேட்டது. "எங்கள் வீடு கறுப்பு. எல்லாம் கறுப்பு. மேயர் தண்ணிக்குள். பிறகு?"

வில்னா சொல்லத் தொடங்கியிருக்கவேண்டும். ஆதிரா சோபாவிலிருந்து இறங்கி நிலத்தில் இருந்தாள். பிறகு மேசைக்குக் கீழே போனாள். "பொறு, பொறு. யார்? பாட்டியா? பூர்க்வா?" ஏன் என்பதற்கான அந்தப் பிரெஞ்சுச் சொல்லை அவள் வாயால் நான் கேட்டது அதுவே முதல் தடவை. பிறகு அது நிற்கவில்லை. பூர்க்வா, பூர்க்வா என்று கொக்கியில் மீன்போல ஒவ்வொன்றாக இழுத்தாள். சொல் தெரியாத இடத்தில் இங்கிலிஷைப் போட்டாள், அதுவும் இல்லாத இடத்தில் தமிழைப் போட்டாள். அந்தப் பக்கம் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது. கதை சீக்கிரமே முடிந்திருக்கவேண்டும். பேச்சு மேயரை விட்டு வில்னாவின் விழுந்த பல்லுக்கும், அங்கிருந்து யாரோ ஒரு பையனின் தொப்பிக்கும் போனது.

தர்ஷி அன்று வகுப்பு நடக்காததால் முன்னதாகவே வந்துவிட்டாள். வழுக்கும் தெருவில் நடந்து வந்த களைப்பு. "ஏன் மாமா இருட்டுக்குள்ள..." என்று தொடங்கியவளுக்கு நான் விரலை உதட்டில் வைத்துக் காட்டினேன். சப்பாத்தையும் கழற்றாமல் அப்படியே சுவரில் சாய்ந்து நின்றாள். மேசைக்குக் கீழிருந்து குரல் வந்துகொண்டே இருந்தது. தர்ஷிக்குப் பாதிகூட விளங்கியிராது. கையுறையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரக் கூட்டத்தில் செயின்ட்-மிஷேல் வகுப்பைப் பற்றி மதாம் இஸபெல்லே பேச்சைத் தொடங்கி, அவரே முடித்தும் வைத்தார். ஆதிரா இங்கேயே இருக்கிறாள், இருக்கட்டும் என்றார். மற்றப் பிள்ளைகள் பேசும் நேரத்தில் அவள் குறுக்கே பேசுவதைக் கொஞ்சம் வீட்டில் சொல்லித் திருத்தவேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். தர்ஷி மன்னிப்புக் கேட்டாள். அப்படி முகமெல்லாம் மலர்ந்து மன்னிப்புக் கேட்ட ஒருவரை அவர் பார்த்திருக்கமாட்டார்.

ஆனால் எனக்கு முடிவு அந்த உறைமழை இரவிலேயே தெரிந்துவிட்டது. நாங்கள் இருவரும் இருட்டில் நின்று கேட்டுக்கொண்டிருக்கும்போது மின்சாரம் திரும்பி வந்தது. குளிர்சாதனப் பெட்டி உறுமியது. தொலைக்காட்சி தானாகவே பெரிய சத்தத்தோடு ஓடத் தொடங்கியது. மேயரின் தொடர் முடிந்து, பெரியவர்களின் செய்தி போய்க்கொண்டிருந்தது.

மேசைக்குக் கீழிருந்து ஒரு கை நீண்டது. தொலைபேசியை நெஞ்சோடு பொத்திக்கொண்டு, தமிழில் அதட்டினாள்:

"மாமா, ரீவியை நிப்பாட்டுங்கோ. நான் கதைச்சுக்கொண்டிருக்கிறன்!"